வீரமுத்து அனுப்பிய லென்ஸ்

குளுவாங், ஜொகூர்
யுவ வருஷம், ஐப்பசிக் கடைசி

பினாங்கில் இருக்கும் மைத்துனன் சிரஞ்சீவி வீரமுத்துவுக்கு, உன் அத்தான் ஐயாசாமி ஆசி கூறி எழுதிக்கொள்வது.

வழக்கமாக இங்கு யாவரும் சுகம் என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன். பதறாமல் படி. நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் எனக்கே ஏதாவது பிடிபடும் போலிருக்கிறது.

போன கடிதத்தில் உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தேன். நீ வேலை பார்க்கிற கடையில் விலைபோகாத பழைய லென்ஸை அக்காள் புருஷன் தலையில் கட்டிவிட்டாய் என்றும், ஷட்டர் மூடாத லென்ஸை வைத்துக்கொண்டு நான் சுண்டல் விற்கவா என்றும் கேட்டிருந்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பினால் முதலாளி எடுத்துக்கொள்வார் என்று நீ பதில் போட்டிருந்தாய். லென்ஸ் என்னிடமே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

என் பழைய லென்ஸுக்கு ஷட்டர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மூடியை எடுப்பேன், மனதுக்குள் "முருகா" என்பேன், மூடியைப் போடுவேன். இத்தனை வருஷம் அந்த முருகாவில்தான் குளுவாங்கில் பாதிப் பேருடைய முகம் பதிந்திருக்கிறது. நீ அனுப்பியதில் எல்லாம் தானாகத் திறந்து தானாக மூடுகிறது. சுருள்வில் வைத்த எந்தச் சாமானையும் நான் லேசில் நம்புகிறவன் இல்லை. இருந்தாலும் காஹாங் தோட்டத்து மேனேஜர் பிரிவு உபசாரத்துக்குப் போய் அதில்தான் எடுத்தேன். கணக்கெழுதும் கிராணிமார், ஆள் மேய்க்கும் கங்காணிமார், பின்வரிசையில் பெஞ்சின்மேல் நின்ற பெண்கள் வரை அத்தனை பேரும் கத்தி மாதிரி கூர்மையாகப் படத்தில் விழுந்தார்கள். அன்றைக்கு உன்னை வாயார வாழ்த்தினேன்.

அடுத்து உன் அக்காவை எடுத்தேன். கண் மூடுவதற்குள் மகள் முகத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று நாகப்பட்டினத்திலிருந்து அத்தை கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தது உனக்கும் தெரிந்ததுதானே. ஊரையெல்லாம் படம் எடுக்கிறவன், கல்யாணத்துக்குப் பிறகு புஷ்பவள்ளியை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அரக்குச் சேலை கட்டிக்கொண்டு, பூஞ்சாடி வைத்த முக்காலியின்மேல் வலது கையை ஊன்றி நின்றாள். அரை விநாடி வைத்து எடுத்தேன். கண்ணாடிப் பிளேட்டைக் கழுவிப் பார்த்தால் முகம் பளிச்சென்று இருக்கிறது, வலது கை மட்டும் பஞ்சாய்க் கலைந்திருக்கிறது. அசையாதே என்றால் கேட்டால்தானே என்று சத்தம் போட்டேன். மறுபடியும் எடுத்தேன். அதே கதை. மூன்றாவதிலும் கை இல்லை. அப்போதுதான் எனக்கு ஷட்டர்மேல் சந்தேகம் வந்தது.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. ஆயுத பூஜையன்று வீட்டில் இருக்கிற அத்தனை சாமானுக்கும் இவள் சந்தனம் குங்குமம் வைத்தாள். லென்ஸுக்கும் வைத்தாள். வைத்ததை ஒழுங்காகவும் வைக்கவில்லை, பொட்டு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு பித்தளை வளையம் பூராவும் அப்பிக் கிடந்தது. காய்ந்த சந்தனப் பொடி உள்ளே இறங்கி ஷட்டர் தகடுகளைப் பிடித்துக்கொண்டது என்றே முடிவு கட்டினேன். சாமி கும்பிடவும் தெரியவில்லை, சாமானைத் தொடவும் தெரியவில்லை என்று அவளைக் கடிந்துகொண்டேன். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்கு விநோதமாக இருந்தது.

நீ எழுதியிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தகடுகளில் எண்ணெய்ப் பசை இல்லை, ஊசித்துவாரம் இல்லை. பென்சீனில் பஞ்சைத் தோய்த்து ஓரமெல்லாம் துடைத்தேன். பஞ்சில் துளி மஞ்சள் வந்தது, அவ்வளவுதான். வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றித் தட்டிச் சத்தத்தைக் கேட்டேன். மழை பெய்கிற காலையில் ஒரு விநாடி என்பது கொஞ்சம் நீளுகிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. பார்த்தாயா, இதுதான் கோளாறு என்று துள்ளினேன். ஆனால் நான் இவளை எடுத்த மூன்று தடவையும் நல்ல வெயில்.

எங்கள் தெருவில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் தங்கராஜு இருக்கிறார். அவரிடம் கிராமபோன் உண்டு. அதை வாங்கிவந்து, இசைத்தட்டின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துச் சுற்றவிட்டுப் படம் எடுத்தேன். தட்டு சுற்றுகிற வேகத்துக்கு அரை விநாடியில் அந்தப் பொட்டு வட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓடியிருக்க வேண்டும். பிளேட்டில் அளந்தேன். அச்சுப் பிசகாமல் அவ்வளவே ஓடியிருக்கிறது. தங்கராஜுவை நிற்கவைத்து எடுத்தேன், அவர் மோதிரத்தின் கல்கூடத் தெரிகிறது. உடனே புஷ்பவள்ளியைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தினேன். கை இல்லை.

என் குழப்பத்தை என்னவென்று சொல்ல. இசைத்தட்டுக்கு வேலை செய்கிறது, டிரஸ்ஸருக்கு வேலை செய்கிறது, கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் வேலை செய்யாத ஷட்டர் உலகத்தில் உண்டா? ஷட்டர் தாமதித்தால் வெளிச்சம் கூடிப் பிளேட் முழுதும் கறுத்திருக்க வேண்டும், கை மட்டும் ஏன் கலைய வேண்டும் என்று தொழில் தெரிந்தவன் முதல் பிளேட்டிலேயே கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. டிரஸ்ஸர் என் முகத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் திருப்புளியை எடுத்து ஷட்டரைக் கழற்ற உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவள் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"அதைக் கழட்டாதீங்க. அதுல ஒண்ணும் இல்ல. என் கைதான் நிக்க மாட்டேங்குது."

சித்திரையிலிருந்தே இப்படித்தானாம். சும்மா வைத்திருந்தால்தான் நடுங்குகிறதாம், வேலை செய்யும்போது கொஞ்சம் அடங்குகிறதாம். அதனால் எந்நேரமும் எதையாவது செய்துகொண்டே இருந்திருக்கிறாள். நான் இவள் சுறுசுறுப்பைக் கண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், வீரமுத்து. முன்னமே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டதற்கு, லென்ஸ் கெட்டுப்போச்சு என்று நான் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குச் சௌகரியமாக இருந்ததாம். அது லென்ஸாகவே இருந்துவிடட்டும் என்று நேர்ந்துகொண்டாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், அந்தக் கையாலேயே.

மறுநாள் தங்கராஜு வந்து பார்த்தார். இது தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தில் தீருகிற காரியமாகத் தெரியவில்லை, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். இவள் மாட்டேன் என்கிறாள். போனால் ஏதாவது பெயர் சொல்லுவார்கள், பெயர் தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். நாற்பதுகூட ஆகாதவள் பேசுகிற பேச்சா இது? கெஞ்சினேன், அதட்டினேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். நீங்கள் சாப்பிடாவிட்டால் பாத்திரம் கழுவுகிற வேலை மிச்சம் என்றுவிட்டாள். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வேறு கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை, அதனால் இந்தக் கடிதத்தில் சத்தியம் மீறியது எதுவும் இல்லை.

படம் ஒன்று இதில் வைத்திருக்கிறேன். இது அவள் சொல்லித்தான் எடுத்தது. என்னைக் கொல்லைப்புறத்து வெயிலில் நிறுத்தி வெடுக்கென்று எடுத்துவிடுங்கள் என்றாள். ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைத்துத் தட்டினேன். பார், விரல், மோதிரம், வளையல் எல்லாம் கல்லில் செதுக்கியதுபோல் நிற்கின்றன. அம்மா சந்தோஷப்படுவாள் என்று அவள் சிரித்தாள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் ஆயுளில் இவ்வளவு தெளிவான படம் நான் எடுத்ததில்லை, இவ்வளவு பெரிய பொய்யையும் எடுத்ததில்லை. இதை அத்தைக்கு அனுப்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அனுப்பாவிட்டால் கேட்பார்கள், அனுப்பினால் நம்பிவிடுவார்கள். அவர்கள் நம்பட்டும் என்றுதான் நினைக்கிறேன். நீ நம்பிவிடாதே.

நான் சொல்லிக் கேட்காதவள், நீ சொன்னால் கேட்பாள். இங்கே எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? தீபாவளிக்கு வராததற்கு இப்போது லீவு கொடுங்கள் என்று உன் முதலாளியிடம் கேள், லென்ஸில் ஏதோ கோளாறு, அத்தான் கூப்பிடுகிறார் என்று சொல், தடுக்க மாட்டார். மழைக் காலையில் ஒரு விநாடி நீளுகிறதே, அதைப் பார்க்க வருகிறான் என்று இவளிடமும் நான் சொல்லிக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்கு நானே வருவேன். நீ வந்ததும் உனக்குக் காப்பி அவள்தான் கொண்டுவருவாள், கொஞ்சம் சிந்தும். பார்க்காததுபோல் வாங்கிக் குடித்துவிடு. பிறகு மெதுவாக, அக்கா, ஜொகூர் பாரு வரைக்கும் போய்வரலாம் வா என்று கூப்பிடு. கையைப் பிடித்துக் கூப்பிடு.

தண்டபாணி உனக்கு நீண்ட ஆயுளையும் திடமான தேகத்தையும் கொடுக்கட்டும். அவளுக்கும் அப்படியே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அத்தான்,
ஐயாசாமி