பந்து விழும் இடம்

1

என் அன்புக்குரிய கப்பல்காரருக்கு,

இங்கே நான் நலம். விடுதியில் தங்கிப் படிக்கும் நம் மகளும் நலம். படுக்கையறை அலமாரிக் கதவு மட்டும் நலமில்லை. நீங்கள் வந்து கை வைத்தால்தான் மூடுவேன் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நீங்களும் உங்கள் இன்ஜினும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் ஒரே இரைச்சலாக இருக்கிறது, இனிமேல் கடிதமே எழுது என்று சொல்லியிருந்தீர்கள். கம்பெனி அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கே கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள். இந்தக் காலத்தில் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற ஒரே ஆள் நான்தான் என்று மகள் கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

நீங்கள் கொடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டேன். குளிர்கால லீவில் நாம் இரண்டு பேரும் போய் நாலைந்து நாள் தங்க ஒரு இடம் வேண்டும், அங்கே கோல்ஃப் மைதானம் இருக்க வேண்டும், நம் கைக்கும் அடக்கமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கப்பலில் ஃபிட்டருக்கும் கண்ணாடிக் கடையில் வில்லை மாட்டுகிறவளுக்கும் பணக்காரர்கள் விளையாட்டு எதற்கு என்று நினைத்தேன். பிறகு அதற்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். இத்தனை வருடமாகக் கப்பலின் மேல்தளத்தில் பழைய சரக்கு வலையைத் தொங்கவிட்டு, கேப்டன் கொடுத்த மட்டையால் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அடித்த பந்து வலையில் மோதிக் காலடியிலேயே விழுந்துவிடுகிறது. நீங்கள் அடித்த பந்து எவ்வளவு தூரம் போகும், எங்கே போய் விழும் என்று ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்குக் கடையில் ஒருவருக்கு வலது வில்லையை இடதுபக்கம் மாட்டிவிட்டேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வார விடுமுறையில் முதலில் நம் ஊர் கோல்ஃப் கிளப்புக்கே போனேன். வாசலில் காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார். "மைதானத்தைப் பாக்கணும்" என்றேன். அலுவலகத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு செருப்பைப் பார்த்தாள். "மெம்பர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டாள். சுவரில் கிளப் தலைவரின் படம் இருந்தது. அவர் போட்டிருந்த கண்ணாடி என் கையால் மாட்டியது. அதைச் சொன்னேன். அது போதாதாம்.

அடுத்த வாரம் கடலோரத்து ஓட்டலுக்குப் பஸ் பிடித்துப் போனேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மேட்டின் மேல் புல்வெளி, கீழே அலை. ஒரு நாள் தங்கினால் நம் ஒரு மாத வீட்டு வாடகை போய்விடும். அதோடு, கடலிலிருந்து இறங்கி வருகிற மனுஷனை மறுபடியும் கடலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

தேடுகிறேன். நம்பிக்கை இருக்கிறது. நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் சமையல்கார அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
வீட்டுக்காரி.

2

என் அன்புக்குரியவருக்கு,

நான் மைதானத்தைக் கண்டுபிடித்த வாரத்திலேயே உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது. கம்பெனியில் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள், லீவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பாத்திரங்களையெல்லாம் கழுவினேன். கழுவி வைத்திருந்ததையும் சேர்த்துக் கழுவினேன். அதனால் இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை.

முதலில் மைதானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் அரை நாள் பயணம். நீர்த்தேக்கத்தை ஒட்டிய சின்ன ஊர். நகராட்சி நடத்துகிற மைதானம், ஒன்பது குழிதான். செருப்பை யாரும் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் புல் மஞ்சளாகிவிடுவதால் கூட்டம் வராது, கட்டணமும் பாதிதான். மட்டைகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு விடுதி. அறை சின்னது, ஆனால் சன்னலைத் திறந்தால் குழிகளில் நட்டிருக்கும் கொடிகள் தெரிகின்றன. கட்டில் முனகுகிறது. விடுதிக்காரர் அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் நம்பவில்லை.

மைதானத்துக்குப் பொறுப்பு ஒரு அம்மா. டிக்கெட் கொடுப்பதும் அவர்தான், புல் வெட்டும் வண்டியை ஓட்டுவதும் அவர்தான். காலையில் புல்மேல் பனி உறைந்து கிடந்தால் யாரையும் உள்ளே விட மாட்டார். அப்போது மிதித்தால் புல் செத்துவிடுமாம். வெயில் ஏறும்வரை எல்லாரும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொன்னதற்கு, "பாத்துட்டுப் போனா எப்படி, ஒண்ணு அடிச்சுட்டுப் போங்க" என்று கையில் ஒரு மட்டையைத் திணித்துவிட்டார். நான் முதலில் காற்றை அடித்தேன். பிறகு மண்ணை அடித்தேன். மூன்றாவது தடவை பந்து பறந்தது. நீங்கள் பார்க்க ஆசைப்பட்டதை உங்களுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த அம்மா ஒரு விதியும் சொல்லிக்கொடுத்தார். அடித்த பந்து யார் பக்கமாவது தவறிப் போனால், அடித்தவர் சத்தமாகக் கத்த வேண்டும். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். "காது கொஞ்சம் மந்தமா இருக்கறவங்க வந்தா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏன் என்று கேட்கவில்லை. "காது கேக்கற ஒருத்தர் கூட நடந்தா போதும்மா. இங்க வர்றதுல பாதிப் பேரு பேச்சுல இருந்து தப்பிக்கத்தான் வர்றாங்க" என்றார்.

எனக்குத் தெரியும்.

கோடையில் போனில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஆமா, இங்கயும் மழைதான்" என்றீர்கள். "அப்பாகிட்ட என்ன கேட்டாலும் சரிம்மா, சரிம்மாங்கறாரு. வண்டி வாங்கித் தாங்கன்னேன், அதுக்கும் சரிம்மாங்கறாரு" என்று மகள் சொன்னாள். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் போன் வேண்டாம், கடிதம் எழுது என்றீர்கள். இப்போது லீவும் வேண்டாம் என்கிறீர்கள். இன்ஜின் அறையில் யாரும் யாரோடும் பேச முடியாது, அங்கே எல்லாரும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்தால் தெரிந்துபோகும். அவ்வளவுதானே?

கடையில் நான் தினமும் பார்க்கிற சங்கதி இது. கண் மங்கிப்போனவர் எவரும் மங்கிவிட்டது என்று சொல்ல மாட்டார். பேப்பர்காரன் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டான் என்பார், பல்பு சரியில்லை என்பார். மனைவிதான் இழுத்துக்கொண்டு வருவாள். கண்ணாடியை மாட்டியதும் அவர்கள் முதலில் பார்ப்பது பக்கத்தில் நிற்கிற அவள் முகத்தைத்தான். போன வாரம் ஒருவர், "நீ எப்ப இவ்ளோ நரைச்சுப்போன?" என்று கேட்டார். அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்ற சந்தோஷம் அவளுக்கு.

நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் வீட்டில் இருந்த மாதங்களை யாராவது கூட்டிப்பார்த்தால் வெட்கக்கேடு. நாம் இன்னும் பேசியே முடிக்கவில்லை. நான் இரண்டு தடவை சொல்கிறேன், மூன்று தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். எனக்கு வேறென்ன வேலை?

விடுதியில் அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். வந்துவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் கெஞ்சவில்லை. கூப்பிடுகிறேன்.

உங்களுடையவள்.

3

மதிப்பிற்குரிய சமையல்கார அண்ணனுக்கு,

வணக்கம். நீங்களும் கப்பலில் உள்ள மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும். இதற்கு முன் நான் உங்களுக்கு எழுதியதில்லை. ஆனால் இவர் சொல்லிச் சொல்லி, நீங்கள் எங்கள் வீட்டில் ஒருவராகவே ஆகிவிட்டீர்கள். என் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இவர் இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "இனிமே உன் பங்குக்கு நான் சமைக்க மாட்டேன், இறங்கு" என்று நீங்கள் சத்தம் போட்டீர்களாம். அந்தச் சத்தம் மட்டும் இவர் காதில் நன்றாக விழுந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

போய்விட்டு வந்தோம் அண்ணா. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் நாள் காலை நல்ல பனி. கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் இவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். யாருக்கும் எதையும் சொல்லாதே என்று வழி முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார், அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. வெயில் ஏறியதும் பொறுப்பாளர் அம்மா எங்களை உள்ளே விட்டார். இவர் பந்தை வைத்தார், காலை அகட்டி நின்றார், ஓங்கி அடித்தார். என்ன அழகான அடி. அடித்த கையோடு குனிந்து காலடியில் பந்தைத் தேடினார்.

வலையில் அடித்துப் பழகிய பழக்கம் அண்ணா. பந்து அங்கே வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் செருப்புக்கடியில் தேடுகிறார். "அங்க பாருங்க, மேல பாருங்க" என்று கத்தினேன். கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் தாடையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் பார்த்தார். அது தண்ணீர்ப் பக்கம் வளைந்து, மஞ்சள் புல்லில் விழுந்து, இரண்டு தடவை துள்ளி நின்றது. நான் கையை எடுக்கவில்லை. "அவ்வளவு தூரமா?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேருமாகத் தரையில் விழுந்தோம். பந்து பக்கத்திலேயே வந்து விழுந்தது. அடித்தவர் மூச்சிரைக்க ஓடிவந்து, எத்தனை தடவை கத்தினேன், காதில் விழவில்லையா, அடி ஒன்றும் படவில்லையே என்று கேட்டுக்கொண்டே நின்றார். இவர் வழக்கம்போல் தலையை ஆட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் இவர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "எனக்குக் காது சரியா கேக்காதுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார்.

அண்ணா, என்னிடம்கூட அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம், பட்டப்பகலில், அப்படியே சொன்னார். அந்த மனிதரும் சத்தமாகவே மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னார். அதன்பிறகு மிச்ச நாளெல்லாம் அவரும் எங்களோடுதான் நடந்தார். நான் அடிக்கிற பந்துக்குப் பயந்துதான் பின்னாலேயே வந்தாராம்.

ஊர் திரும்பியதும் பரிசோதனைக்குப் போனோம். இடது காது ரொம்பவே போய்விட்டது, வலதில் பாதி மிச்சம் இருக்கிறது, கருவி வைத்தால் பேச்சுக் கேட்கும் என்றார் மருத்துவர். வைத்திருக்கிறார். கரண்டிச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று என்மேல் குறைபட்டுக்கொள்கிறார். நான் பேசுவது இவ்வளவு வேகமா என்றும் கேட்கிறார். மகள் வந்திருந்தபோது இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் நடுவில் போகவில்லை. நேற்று அவள் வண்டிப் பேச்சை எடுத்தாள். இந்தத் தடவை தெளிவாகக் காதில் வாங்கிக்கொண்டு, முடியாது என்றார்.

அடுத்த குளிர்காலத்துக்கும் அதே அறையைக் கேட்டு வைத்திருக்கிறோம். கட்டில் அப்போதும் முனகும். இவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, தூங்கும்போது கருவியைக் கழற்றி வைத்துவிடுவாரே.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இவர் இடத்துக்குப் புதிதாக ஒரு ஃபிட்டர் வந்திருப்பார். அவரை எனக்குத் தெரியாது. இன்ஜினில் எங்கே கோளாறு என்று காதை வைத்துக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பேன் என்று, இரைச்சலைத் தடுக்கிற காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார். இவரும் அப்படி நின்றுதான் காதைக் கெடுத்துக்கொண்டார், இவர்கள் எல்லாரும் அப்படித்தான் போலிருக்கிறது. நீங்கள் அவரைத் திட்டுங்கள் அண்ணா. சாப்பாட்டை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுங்கள். அந்த மூடியைக் காதிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அவருக்கும் வீட்டில் யாரோ ஒருத்தி இருப்பாள். போனை எடுத்ததும் சாப்பிட்டீங்களா என்றுதான் முதலில் கேட்பாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை.