சத்தம் வராத சீவாளி

மச்சான்,

இன்று காலை தவில் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து வாசிக்கும்போது விரலில் மாட்டும் கூடுகளைத் தேடினேன். உங்கள் சீவாளி ஒன்று கையில் அகப்பட்டது. நாதஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் அந்தச் சிறு நாணல் துண்டில் வெற்றிலையும் பன்னீர்ப் புகையிலையும் இன்னும் மணக்கிறது. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. அதைப் பிடித்ததும் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது.

மறுபடியும் அந்த ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏரிக்கரையில் கோடைக்குக் கோடை நடக்கும் அதே ஜாஸ் விழா, பல தேசத்துக்காரர்கள் வந்து வாசிக்கும் அதே மேடை. நாளை மறுநாள் விமானம். போன முறை இரண்டு பேர் போனோம். இப்போது தவில் மட்டும் போகிறது.

போன முறையே எனக்குப் பயம்தான். காரைக்குடிக் கல்யாணத்தில் எப்போது என்ன வாசிப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அங்கே அப்படி ஒன்றும் கிடையாது. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டு, பிறகு அவரவர் முறை வரும்போது மனதில் தோன்றியதை வாசிக்கலாம் என்றார் குழுவை நடத்திய சாக்ஸபோன் அம்மா. ஒத்திகை ஒரே ஒரு தடவைதான். மேடைக்குப் பின்னால் உங்களைக் கேட்டேன், "பயமா இல்லையா மச்சான்?"

நீங்கள் சீவாளியை நாக்கில் நனைத்தபடி, "பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்த விடவா மாப்ள?" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

வெயில் சாயாத சாயங்காலம். பாஸ்காரர் தன் ஆளுயரத் தந்தி வாத்தியத்தை விரலால் மெல்ல மீட்டிக்கொண்டிருந்தார். அடுத்து உங்கள் முறை. நாதஸ்வரத்தை உதட்டில் வைத்தீர்கள், எடுத்தீர்கள், மறுபடி வைத்தீர்கள், குனிந்து சீவாளியை மாற்றினீர்கள். அந்த நேரம் பார்த்து சாக்ஸபோன் அம்மா ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

ஆரம்ப மெட்டுக்குத் திரும்பலாம் என்பது அவர்கள் வழக்கத்தில் அதற்கு அர்த்தமாம். நமக்கு யாரும் சொல்லவில்லை. நம் ஊர் மணவறையில் ஐயர் விரலை ஆட்டினால் தாலி ஏறப்போகிறது. தும்மலோ கெட்ட வார்த்தையோ காதில் விழாதபடி கெட்டிமேளம் கொட்ட வேண்டும். முப்பது வருஷம் அந்த விரலுக்கே பழகிய கை என்னைக் கேட்கவில்லை. கொட்டிவிட்டேன்.

பாஸ்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். நிறுத்தினாலும் மானம் போகும், நிறுத்தாவிட்டாலும் போகும். தொலைந்தோம் என்று உங்களைப் பார்த்தேன். மூச்சை இழுக்கும்போது ஏறுமே, அந்த இடது தோள் ஏறியது. ஊதினீர்கள். டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே சேர்ந்தார், பியானோ சேர்ந்தது, கூட்டம் எழுந்து நின்றது.

உள்ளே வந்ததும், "மானத்த வாங்கிட்டேன் மச்சான்" என்று அழாத குறையாக நின்றேன்.

"கெட்டிமேளம் சரிதான் மாப்ள. தாலி யாருக்குக் கட்டுனாகன்னுதான் தெரியல" என்றீர்கள்.

நீங்கள்தான் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீங்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கடைசியாகப் படுத்திருந்தபோதுதான் வாய் திறந்தீர்கள். "அன்னிக்கு ரெண்டு தரம் ஊதுனேன் மாப்ள, சத்தமே வரல. பயத்துல நாக்கு வறண்டு கட்டையாப் போச்சு. சீவாளி சரியில்லன்னு கழட்டி, காலடியில கெடந்த உங்க பையில போட்டேன். சீவாளி என்ன பண்ணும் பாவம்? நீங்க கொட்டுனீகள்ல, அந்தச் சத்தத்துக்குள்ளதான் எச்சி ஊறுச்சு. இல்லாட்டி வெறுங்காத்த ஊதுறத ஊரே கேட்டிருக்கும்."

இதைச் சொல்லாமலே போயிருக்கலாம் மச்சான். பயமில்லாத மனுஷர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில் வாசித்தவன் நான். அவரும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார் என்று தெரிந்த பிறகு எதைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறுவது?

சாக்ஸபோன் அம்மாவின் கடிதத்தை மகள் வாசித்துக் காட்டினாள். அதே உருப்படி. அவர் விரலை ஆட்டுவார், நான் கெட்டிமேளம் கொட்ட வேண்டும். ஆனால் நீங்கள் வந்து சேர்ந்தீர்களே, அந்த இடத்தில் எல்லாரும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். எட்டு எண்ணிக்கைக்கு ஒருவரும் வாசிக்கக் கூடாது. அது உங்களுக்காக விட்ட இடமாம்.

எனக்குக் கிலி பிடித்ததே அங்கேதான். சத்தம் போட்டே வயிறு வளர்த்தவன் நான். அத்தனை பேர் முன்னால் அந்த எட்டை எப்படிக் கடப்பேன்? நடுவில் அழுதுவிட்டால்? கை தானாகத் தவிலில் விழுந்துவிட்டால்? போகவில்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "அண்ணன் எடத்துல வேற ஆள உக்கார வைக்காம விட்டுருக்காக. அந்த மரியாதைக்காச்சும் போயிட்டு வாங்க."

போகிறேன். பயம் ஒரு துளியும் குறையவில்லை. இதை எழுதும்போதே உள்ளங்கை ஈரமாகி எழுத்து கலைகிறது. உங்கள் சீவாளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுவேன். அந்த எட்டு எண்ணிக்கையிலும் நீங்கள் என் பக்கத்தில், நாக்கு வறண்டு, ஊதியும் சத்தம் வராமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். இந்தத் தடவை நான் கொட்டி மூடப்போவதில்லை. அவசரப்படாதீர்கள் மச்சான், எச்சி ஊறட்டும். ஒன்பதாவதில் நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்.