பத்து காஜா பங்களாவில் ஒரு விடுமுறை

அம்மா,

அப்பாவின் கட்டிலில் விரிப்பதற்காக நேற்று ஒரு ரப்பர் ஷீட் வாங்கி வந்தேன். மருந்துக்கடையில் சுருட்டிக் கொடுத்ததை வீட்டில் பிரித்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. விரிக்காமல் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அப்பா கட்டிலில் இருந்தபடி என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவருக்கும் அந்த வாசனை எதையாவது நினைவுபடுத்தியதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு நினைவு வந்தது மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரைத் தாண்டி, செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் அந்தப் பழைய துரை பங்களா. பக்கத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்திய கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. தோட்டத்தைப் பல பேருக்குப் பிரித்து விற்று வருடங்கள் ஆகியிருந்தும் அந்தப் புகை கலந்த ரப்பர் வாடை மட்டும் போகவில்லை. மழை பெய்தால் அது எழுந்து வந்து நம் படுக்கையில், துணியில், நீ வடிக்கும் சோற்றில்கூட ஏறிக்கொள்ளும்.

அது எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூரில் நாம் குடியேறி இரண்டாவது வருடம் முடியப்போகிறது. அப்பா கட்டுமானக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். நீ சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவள்; சம்பளமில்லாத விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். ஜூலையில் நீ திரும்பிச் சேர வேண்டும், நானும் உன்னோடு வர வேண்டும், அப்பா ஒப்பந்தத்தை முடித்துவிட்டுப் பின்னால் வருவார் என்று பேச்சு. அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு லூமுட் கடற்கரையில் படகுத்துறை கட்டும் வேலை வந்தது. அங்கே காரில் போய்வரும் தூரத்தில் கம்பெனி அந்த பங்களாவை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. எனக்குப் பள்ளி விடுமுறை. பட்டணத்து இரைச்சலை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் காற்றாட இருந்துவிட்டு, ஜூன் கடைசியில் அங்கிருந்தே விமானத்துக்குப் போய்விடலாம் என்று அப்பா சொன்னார். டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

முதல் சில நாள் எனக்குப் பிடித்திருந்தது. உனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் பால்மரங்கள் வரிசை வரிசையாக, எல்லா வரிசையும் ஒன்றுபோலவே. நடுப்பகலிலும் உள்ளே வெளிச்சம் வராது. அப்பா விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தொலைபேசி இருந்தது, இணைப்பு இல்லை. மத்தியானம் ஆனால் மழை. அட்டைக்குப் பயந்து கீழே இறங்க முடியாது. கொசுவுக்காக ஜன்னல்களில் அடித்திருந்த கம்பி வலைக்குப் பின்னால் நின்று நீ வெளியே பார்த்துக்கொண்டே இருப்பாய். பெரிய ரோட்டுப் பக்கம் பாதுகாப்பில்லை, எங்கே போவதானாலும் ஞாயிற்றுக்கிழமை தானே கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருக்கு வேலை வந்தது.

டிக்கெட்டைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் வந்தது. ஆபீசில் சொல்லியிருக்கிறது, இந்த வாரம் வந்துவிடும், அடுத்த வாரம் நிச்சயம். ஜூன் முடிந்தது. நீ கேட்பதை நிறுத்திவிட்டு ராத்திரி சாப்பாட்டின்போது அவர் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாய்.

வீட்டு வேலைக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து மரியக்கா வருவார். உன் வயதுதான் இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். மரங்களை வெட்டிவிட்டுச் எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள் என்றும், லயத்தையும் காலி செய்யச் சொல்வார்கள் என்றும் பேச்சு அடிபட்டதால் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உன்னிடம் எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். கொஞ்ச நாளில் என்று நீ சொன்னாய். அவர் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தாவும் மூணு வருசம்னு சொல்லித்தான் கப்பல் ஏறுனாராம்லா," என்றார். "இங்கதான் பொதைச்சோம்."

மறுநாள் அப்பாவின் கார் போன சத்தம் அடங்கியதும் நீ என்னைச் செருப்பு மாட்டிக்கொள்ளச் சொன்னாய். மரியக்கா பெரிய ரோடு வரை கூட நடந்து வந்தார். பஸ் எங்கே நிற்கும், பத்து காஜாவில் இறங்கி ஈப்போ பஸ்ஸுக்கு எங்கே மாற வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பாதுகாப்பில்லை என்று அப்பா சொன்ன ரோட்டில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஈப்போ தொலைபேசி அலுவலகத்தில் சென்னைக்கு ட்ரங்க் கால் பதிந்துவிட்டு வெகு நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் பெயரைக் கூப்பிட்டதும் கண்ணாடிக் கூண்டுக்குள் போனாய். கதவு சரியாக மூடவில்லை. கல்லூரி முதல்வரிடம் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்கத்தான் போனாய். நீ கேட்கவே இல்லை.

"யார் வந்து சொன்னது?" என்றாய். பிறகு, "எப்போ?" என்றாய். அதன் பிறகு அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் "இல்ல மேடம், உங்க மேல தப்பில்ல," என்று சொல்லி வைத்தாய்.

பொங்கலை ஒட்டி அப்பா கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போய் வந்தாரே, அப்போது நேரில் கல்லூரிக்குப் போயிருக்கிறார். மனைவி இனி வேலைக்குத் திரும்பப்போவதில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். கணவரே வந்து சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும் என்று அவர்களும் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பயணத்திலிருந்து அவர் உனக்கு அப்பளமும் வடகமும் வாங்கி வந்திருந்தார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு நீ எனக்குச் சொன்னது. அன்றைக்கு நீ எதிரே இருந்த கோப்பிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாய். உனக்கு வந்த கோப்பி ஆறி ஆடை கட்டியது. காலேஜ் எப்போது திறக்கிறதாம் என்று கேட்டேன்.

"திறந்தாச்சு," என்றாய்.

அன்றே நாம் பங்களாவுக்குத் திரும்பினோம். வேறு எங்கே போவது? மழையில் அந்தச் செம்மண் பாதையில் நடந்தபோது நீ என் கையை வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாய்.

அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் ரசம் ஊற்றிவிட்டுக் கேட்டாய். அவர் மறுக்கவில்லை. இங்கே ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுக்கிறார்கள், குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடக்க வேண்டாம் என்றுதான் செய்தேன் என்றார். "கேட்டா நீ ஒத்துக்கமாட்டேன்னு தெரியும். அதான் கேக்கல," என்றார். கோபமாகக்கூட இல்லை. ஒரு தூணை எங்கே நிறுத்துவது என்று சொல்வதுபோலச் சொன்னார். நல்லவர்தான் அம்மா. நமக்கு எதிலும் குறை வைக்காதவர். அதனால்தான் அவரிடமிருந்து வெளியே வர வழியே இல்லாமல் இருந்தது.

நீ எனக்கும் உனக்கும் டிக்கெட் போடச் சொன்னாய்.

"வேலையே இல்லையே. அங்க போய் என்ன பண்ணுவே?"

"தெரியாது. போய்த்தான் பாக்கணும்."

அதை நீ கோபத்தில் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த நாட்களில் நீ சமைத்தாய், துணி மடித்தாய், எனக்குப் பின்னல் போட்டாய். வலைக்குப் பின்னால் நிற்பதை மட்டும் விட்டுவிட்டாய். மரியக்காவின் தம்பி ஈப்போ பக்கம் புந்தோங்கில் டாக்சி ஓட்டுகிறார் என்று உனக்குத் தெரியும். அவரிடம் சொல்லி வரச்சொல்லியிருந்தாய். ஆனால் திருட்டுத்தனமாகப் போகவில்லை நீ. முந்தைய நாள் அப்பாவிடமே சொன்னாய்.

"நாளைக்குக் கிளம்பறோம். உங்ககிட்ட சொல்லாம செய்ய எனக்கு வராது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனார். நீ போகமாட்டாய் என்றே நம்பியிருக்க வேண்டும்.

கோலாலம்பூருக்குப் போக டாக்சி வந்தபோது மரியக்கா பெட்டியைத் தூக்கி வைத்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"எங்க தாத்தாவுக்கும் சேத்து நீங்க போங்கம்மா," என்றார் அவர். "நாங்க இருந்துக்கிறோம்லா."

வழியெல்லாம் நான் அழுதேன். அப்பா ராத்திரி வந்து பார்த்தால் வீடு காலியாக இருக்குமே என்று அழுதேன். நீ என்னைச் சமாதானப்படுத்தவில்லை. வெகு தூரம் போன பிறகு, "அப்பா உனக்கு அப்பாதான். நீ அவரை விட வேண்டாம். இது என் விஷயம்," என்றாய். எனக்கு அப்போது புரியவில்லை. அந்த வயதில் எனக்கு இருவரும் ஒரே விஷயம்தான்.

மறுநாள் அவரும் கோலாலம்பூர் வீட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. டிக்கெட்டை நீயே எடுத்திருந்தாய். அவர் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். என்னிடம் நன்றாகப் படிக்கச் சொன்னார். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீதான், பிரஷர் மாத்திரையை மறந்துவிடாதீர்கள் என்றாய்.

சென்னையில் உனக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் நடந்த டுடோரியலில், தேர்வில் தவறியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாய். உன் பழைய மாணவி ஒருத்தி கல்லூரியில் உன் இடத்தில் இருந்தாள். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பாள், நீ உட்காரமாட்டாய். தாம்பரத்துப் பக்கம் வேறொரு கல்லூரியில் இடம் கிடைக்கப் பல வருடம் ஆனது. அதற்குள் எனக்குப் பள்ளியே முடியும் தறுவாயில் இருந்தது. அப்பா இல்லாமல் வளர்ந்த வருடங்களுக்காக உன் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. அதுவும் உனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒப்பந்தம் எல்லாம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது, நீ கதவைத் திறந்து, அலமாரியில் பாதியை அவருக்காக ஒழித்துக் கொடுத்தாய். அதன் பிறகு உன் கடைசி நாள் வரை ஒன்றாகத்தான் இருந்தீர்கள். அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீ சொல்லிக்காட்டியும் பார்த்ததில்லை. அப்படி இருந்தது சமாதானமா, அலுப்பா என்று உன்னிடம் கேட்க நினைத்து நினைத்துக் கடைசியில் கேட்காமலே போய்விட்டது.

இப்போது அவர் படுக்கையில். என் வேலையும் வீடும் அவருமாக மூச்சு முட்டுகிறது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் இருக்கிறது என்று சித்தப்பா விசாரித்து வந்திருக்கிறார். நல்ல இடம்தான், நானும் போய்ப் பார்த்தேன். "அண்ணன்கிட்ட சொன்னா ஒத்துக்கமாட்டார். ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றார் சித்தப்பா. அன்பாகத்தான் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க எனக்கும் அது சரியென்றே பட்டது, அம்மா. அவ்வளவு சுலபமாக இருந்தது.

இன்று காலை அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இடம் எப்படி இருக்கிறது, எனக்கு ஏன் முடியவில்லை, போனால் நான் எப்போதெல்லாம் வந்து பார்க்க முடியும் என்று எதையும் மறைக்கவில்லை. போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேக்கறியா?" என்றார்.

"ஆமாம்ப்பா. உங்களைத்தான் கேக்கறேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ பொண்ணு நீ," என்றார். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

சித்தப்பா அதற்குள் இரண்டு முறை போனில் கூப்பிட்டுவிட்டார். வண்டிக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறார். அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார், சொல்லும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.