வீடு பார்க்கிறேன்

மரக்காணம்
24.4.2025

அன்புள்ள ஜான்சி அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் ஜான்சியும் நலம். நீங்களும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். தபால் ஆபீஸில் கவர் கேட்டபோது அங்கிருந்த பெண்ணே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வேறு வழியில்லை. போன் செய்தால் பக்கத்தில் அறைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று, "சரி, பாக்குறேன், வைக்கட்டா?" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? தாளில் எழுதினால் தாளில்தான் பதில் எழுதியாக வேண்டும்.

விஷயம் இதுதான். திருவான்மியூர் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். இங்கே கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "மெட்ராஸ்ல வீடு கெடைச்சிடுச்சாம்மா?" என்று கேட்டார். "அவரு பாத்துக்கிட்டிருக்காரு சார்" என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. நீங்கள் உப்பு லாரியை விட்டுவிட்டு ஐ.டி. கம்பெனி பஸ் ஓட்டப் போனபோது ஜான்சி பால்வாடியில் இருந்தாள். "வீடு பாத்துட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினீர்கள். இப்போது அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள்.

அந்த ரோடெல்லாம் தினமும் ஓட்டுகிறவர் நீங்கள். எங்கே வாடகை நமக்குத் தாங்கும், எங்கே பள்ளிக்கூடம் பக்கம், எங்கிருந்து நான் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகலாம் என்று விவரமாக எழுதுங்கள். நல்லதாக ஒன்றைப் பார்த்து முடித்துவிடுங்கள்.

இங்கே உப்பளத்தில் வேலை மும்முரம். பக்கத்து வீட்டு ராசம்மாள் அக்கா உப்பு வாரப் போய்விட்டு வந்து, கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருப்பார். நம் வீட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆரோக்கியசெல்வி


நாவலூர்
1.5.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் பஸ் ஷெட்டுக்கு வந்தது. மேனேஜர் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துப் பயந்துகொண்டே கொடுத்தார். இன்று மே தினம் என்பதால் வண்டி இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீடு விஷயம். மூன்று இடம் பார்த்தேன். கேளம்பாக்கத்தில் வீடு பெரியது, வாடகையும் தாங்கும். ஆனால் மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆர். முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நீ காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேருவாய். துரைப்பாக்கத்தில் ஒன்று. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். வீட்டுக்காரர் சொல்லவில்லை. அதிலேயே ஆளைத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது கோட்டிவாக்கம். கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, மாடியில் ரெண்டு அறை. வீட்டுக்கார அம்மா விஜயலட்சுமி என்று பெயர், ரிட்டயர்டு டீச்சர். அவர்களும் கீழேயே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பக்கம், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வாடகை கொஞ்சம் கடிக்கும், ரெண்டு சம்பளத்தில் சமாளிக்கலாம். ஆனால் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு. அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவசரப்பட்டு எதிலாவது மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒன்று செய்யலாம். முதலில் நீ ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் சேர்ந்துகொள். ஜான்சி இந்த ஒரு வருஷம் மட்டும் திண்டிவனத்தில் உன் அக்கா கலைமதி வீட்டில் இருந்து படிக்கட்டும். அதற்குள் நல்ல வீடாகப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜான்சிக்கு என் முத்தம்.

அந்தோணிசாமி


மரக்காணம்
6.5.2025

ஜான்சி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். தண்ணீர் உப்பாம். மரக்காணத்தில் பிறந்து, உப்பு லாரி ஓட்டி, உப்பு மூட்டை மேலேயே படுத்துத் தூங்கின மனிதருக்குக் குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறதாம். நம் வீட்டு போர் தண்ணீரில் இன்றுவரை சோப்பு நுரைத்ததில்லை. அந்தத் தண்ணீரில்தான் உங்கள் அம்மா உங்களைக் குளிப்பாட்டி ஆளாக்கினார். குடிக்கத்தான் எல்லா ஊரிலும் கேன் விற்கிறானே. ராசம்மாள் அக்காவிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உம் புருசன் தண்ணி உப்புங்கிறானா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு ஹாஸ்டல் என்று எழுதியதைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் நாவலூரில், நான் திருவான்மியூரில், பிள்ளை திண்டிவனத்தில். இருப்பது மூன்று பேர், மூன்று பேருக்கும் மூன்று ஊரா? இதற்கு மரக்காணமே மேல்.

எனக்கு நேற்றுத்தான் ஒன்று உறைத்தது. நம் ஊரில் 'பார்க்கிறேன்' என்று யார் எப்போது சொல்வார்கள்? பெண் பிடிக்கவில்லை என்றால் தரகரிடம் சொல்வார்கள். கைமாற்று கேட்டவனிடம் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனசு வராதவர்கள் சொல்கிற வார்த்தை அது. இத்தனை வருஷமாக அதை நான் வீடு தேடுகிறீர்கள் என்று புரிந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னிடம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

எங்களை அழைத்துப்போக உங்களுக்கு இஷ்டமில்லையா? இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். வேறு யாராவது இருந்தாலும் எழுதுங்கள். அழுதுவிட்டு வேலைக்குப் போவேன். தண்ணீர், மழை, மெட்ரோ எதுவும் வேண்டாம். காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

ஆரோக்கியசெல்வி


நாவலூர்
12.5.2025

அன்புள்ள செல்விக்கு,

வேறு யாரும் இல்லை. மாதா சத்தியமாக இல்லை. ஒரு அறையில் ஆறு பேர் படுத்திருக்கிறோம், அதில் ரெண்டு பேர் குறட்டை. இங்கே யார் வருவார்கள்?

நீ கேட்டது சரிதான். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நீ நினைக்கிற காரணம் இல்லை. எழுதத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

நான் விடியும் முன்பே வண்டி எடுக்க வேண்டும். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, நடுவில் வண்டியிலேயே ஒரு தூக்கம். சாயந்தரம் அவர்களை ஏற்றினால் சோழிங்கநல்லூர் சிக்னலில் மட்டும் ஒரு சினிமா பார்த்துவிடலாம். ஷெட்டில் வண்டியை விட்டு வெளியே வரும்போது கடைகள் மூடியிருக்கும். கோட்டிவாக்கத்தில் வீடு எடுத்தால், நான் கிளம்பும்போது ஜான்சி தூங்கிக்கொண்டிருப்பாள். வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஷெட்டில் ஒரு டிரைவர் குடும்பத்தோடு மேடவாக்கத்தில் இருக்கிறார். பையன் எந்த வகுப்பு என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குப் பயமாகிவிட்டது.

ஊருக்கு வந்தால் மாதத்தில் ரெண்டு நாள் என்றாலும் அந்த ரெண்டு நாளும் நான் முழுசாக இருக்கிறேன். கழுவெளி ஏரிக்குப் போய்ப் பறவை பார்க்கிறோம். நான் வாங்கிவந்த மீனை நீ பொரிக்கிறாய். நான் பஸ் ஏறும்போது அவள் அழுகிறாள். செல்வி, எனக்காக ஒரு பிள்ளை அழுகிறது என்பதை வைத்துக்கொண்டுதான் அடுத்த ரெண்டு வாரம் வண்டி ஓட்டுகிறேன். ஒரே வீட்டில் இருந்தும் அவள் என்னைத் தேடாமல் போய்விட்டால் என்ன செய்வது? வீடு கிடைக்கவில்லை என்பது பொய். கிடைத்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் பார்க்கப் போனேன்.

இதைப் போனில் சொல்ல முடியாது. அறையில் ஆள் இருக்கிறார்கள்.

அந்தோணிசாமி


மரக்காணம்
20.5.2025

என் அன்புள்ள ஜான்சி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். உங்கள் மேல் கோபமும் வந்தது. ரெண்டும் ஒன்றாக வந்ததால் அன்று சோறு குழைந்துவிட்டது.

நீங்கள் முழுசாக இருக்கிற ரெண்டு நாளைப் பற்றி எழுதினீர்கள். மற்ற நாட்களைப் பற்றி நான் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் ஜான்சிக்கு டெங்கு வந்தபோது ரத்தம் எடுக்க நானே ஊசி குத்தினேன். அவள் கத்தினாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. கிளினிக்கில் தரை பெருக்குகிற பெண் வந்து பிடித்துக்கொண்டாள். உங்களுக்குப் போனில் சொன்னபோது நீங்களும் அழுதீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்களுக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளையாக இருந்தால் போதும். எனக்குத் திங்கள்கிழமைப் புருஷன் வேண்டும். தினமும் கால் மணி நேரம் என்றாலும், தூக்கக் கலக்கத்தில் என்றாலும், கதவுக்கு உள்ளே நீங்கள் இருக்க வேண்டும்.

அதனால் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். சனிக்கிழமை ஈ.சி.ஆர். பஸ் பிடித்துக் கோட்டிவாக்கம் போனேன். நீங்கள் எழுதின அடையாளத்தை வைத்து விசாரித்து விஜயலட்சுமி அம்மா வீட்டைக் கண்டுபிடித்தேன். "ஒருத்தர் வந்து தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டு ஓடிட்டாரும்மா" என்றார்கள். "அவர்தாங்க எங்க வீட்டுக்காரரு" என்றேன். நானும் குடித்துப் பார்த்தேன். உப்புதான். நம் வீட்டை விடக் குறைவு. முன்பணம் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் இடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சாமியார் வந்து ஜெபம் செய்து வீடு மந்திரிக்கிறார். உங்கள் பெட்டியோடு வாருங்கள். வராவிட்டால் சண்டை போட வரமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு யாராவது கேட்டால், அவர் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் ரெண்டு பேர்தான் என்று சொல்லிவிடுவேன். யோசித்து முடிவு செய்யுங்கள்.

உங்கள்
செல்வி


கோட்டிவாக்கம், நம் வீடு
9.7.2025

செல்விக்கு,

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் படிப்பாய் என்று சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற குடும்பம் நாமாகத்தான் இருப்போம். கீழ் வீட்டம்மா நேற்றும் நான் வரும்வரை ஜான்சிக்குத் துணையாக மேலே வந்து படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

பெட்டியோடு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் பயந்ததுதான் நடக்கிறது. இந்த வாரம் ஜான்சியை விழித்த கண்ணோடு நான் பார்க்கவில்லை. போன ஞாயிறு உனக்கு டியூட்டி. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது மந்திரிப்பு அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நாவலூர் அறையில் என் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நான்தான் சொல்லி வைத்திருந்தேன். வார நாளில் அங்கேயே படுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயந்தரம் வந்தால் அலைச்சல் மிச்சம், தூக்கமும் கிடைக்கும். ஞாயிறு தெளிவாக உங்களோடு இருக்கலாம். இது கோபத்தில் எழுதுவது இல்லை. எது நல்லது என்றுதான் கேட்கிறேன். நீ சொல்கிறபடி செய்கிறேன். நாளைக்குள் அறையில் பதில் சொல்ல வேண்டும்.

அந்தோணி


10.7.2025

ஜான்சி அப்பாவுக்கு,

கணக்குப் பார்த்தால் நீங்கள் எழுதினது எல்லாம் சரி. எனக்கும் தூக்கம் இல்லாமல் கண் எரிகிறது. படித்துவிட்டு, சரி, போங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்போது ஜான்சி படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர், "வீட்ல ஆம்பள யாரும் இல்லியா பாப்பா, அப்பா எங்க?" என்று கேட்டார். ஊரில் இதே கேள்வியை யார் கேட்டாலும், "எங்கப்பா மெட்ராஸ்ல இருக்காரு" என்பாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இன்றைக்கு அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. லேஸைக் கட்டிக்கொண்டே, "வேலைக்குப் போயிருக்காரு, ராத்திரி வந்துடுவாரு" என்றாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. நான்தான் சமையல்கட்டில் நின்று அழுதேன்.

கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

செல்வி