ஊருக்கெல்லாம் அத்தை

லுவெங்கோ
12 ஜூலை 2021

அன்புள்ள நாந்தெஸா அக்காவுக்கு,

தம்பி கிவும்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ வானொலிக் குரலில் பேசுகிறாய், எனக்குப் பதில் சொல்ல வாய் வருவதில்லை. அதனால் கடிதம். பஸ்ஸைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், வாழைக்காய் லாரி கம்பாலாவுக்குப் போகிறது. டிரைவர் கதெரெக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டாம் முறை பள்ளியை மூடி ஐந்து வாரம் ஆகிறது. எங்கள் முதலாளி வகுப்பறைகளில் கோழி வளர்க்கிறார். நான் கணக்கு நடத்திய அறையில் இப்போது கறிக்கோழி. நான் சூளையில் செங்கல் அறுக்கிறேன். "வாத்தியாரே, இந்தக் கல்லு பாஸா, ஃபெயிலா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

எழுத வந்த விஷயம் நபுகேராவைப் பற்றியது. என் மகளுக்குப் பதினாறு நடக்கிறது. பெரியவளான பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை அத்தைதான் சொல்ல வேண்டும். அப்பன் சொன்னால் அசிங்கம், அம்மா சொன்னால் முறையில்லை. விடுமுறைக்கு விடுமுறை உன்னிடம் வந்துகொண்டிருந்தவள், இரண்டு வருடமாக வரவில்லை. மத்தியானம் சூளைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள், திரும்பிப் போக நேரம் எடுத்துக்கொள்கிறாள். எனக்குக் கண் இருக்கிறது அக்கா, வாய் இல்லை. வண்டி ஓடியதும் ஒருமுறை வா. இல்லையென்றால் அவளை அழைத்துக்கொள்.

உன் தம்பி,
கிவும்பி

•

கம்பாலா
5 ஆகஸ்ட் 2021

ஆசைத் தம்பி கிவும்பிக்கு,

அக்காவின் ஆசிகள். கதெரெக்கா கடிதத்தோடு ஒரு குலை வாழைக்காயையும் இறக்கிவிட்டுப் போனான். உனக்கே திண்டாட்டம், இதில் எனக்கு எதற்கடா? அவித்து எல்லோரும் சாப்பிட்டோம்.

ஜூனில் அத்தானின் தம்பி போனது உனக்குத் தெரியும். ஆக்ஸிஜனுக்காக மூன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அதனால்தான் ரேடியோவில் விவாதம் நடத்தும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறேன்: எல்லோருக்கும் ஊசி போட்டு முடியும்வரை பள்ளியைத் திறக்காதீர்கள், உயிரோடு இருக்கிற பிள்ளை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளும் என்று. தடையை எடு எடு என்கிறவர்கள் ஒரு சாவைக்கூடப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்கள்.

ஊரைப் பார்த்து வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு நானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசுவார்கள். கொஞ்சம் பொறு. அதுவரை நபுகேராவைப் புதன்கிழமை என் நிகழ்ச்சியைக் கேட்கச் சொல். நாடு முழுக்க இருக்கிற பெண்களுக்கு அதில்தானே எல்லாம் சொல்கிறேன். என் மருமகளுக்கு மட்டும் தனியாகவா சொல்லப்போகிறேன்?

அன்புடன் அக்கா,
நாந்தெஸா

•

லுவெங்கோ
27 செப்டம்பர் 2021

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். புதன்கிழமை ரேடியோவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வாழைத்தோப்புக்குப் போய்விட்டேன், அவள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். முறை தவறக் கூடாதல்லவா? அன்றைக்கு நீ மாமியாரை எப்படி மடக்குவது என்று ஒரு மணி நேரம் பேசினாயாம்.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளித் திறப்பு விவாதம் நடந்ததே, அதில் லுவெங்கோவிலிருந்து ஒருவன் போன் போட்டான். "அம்மா, பள்ளிக்கூடத்த பூட்டுனீங்க, சரி. பொண்ணுங்க எங்க போகுது, வருதுன்னு யாராச்சும் பாக்குறீங்களா?" என்று கேட்டான். நீ என்ன சொன்னாய்? "சம்பளம் வராத வாத்தியாருங்கல்லாம் வரிசையா போன் போடுறாங்கப்பா. கோழி வளத்துப் பாருங்க சார், நல்லா போகுது." எல்லோரும் சிரித்தார்கள். லைனை வெட்டினாய். அந்தக் கோழிக் கதையை உனக்கு எழுதியவனே நான்தான் அக்கா.

பக்கத்து வீட்டுக்காரர் போனில் ஒரு படம் காட்டினார். ஆகஸ்ட் பதினான்கு, என்டெபேயில் ஒரு பணக்காரர் வீட்டுப் பெண் நிச்சயம். பட்டு கோமேசி கட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு அத்தையாக நின்று, நீ மாப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருகிறாய். கூலிக்கு அத்தையாகப் போக மட்டும் கார் கிளம்பியிருக்கிறது. "ஊருக்குத்தான் உபதேசம்" என்றார் அவர். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நபுகேரா முழுகாமல் இருக்கிறாள். சூளையில் மண் சுமந்தவன். இப்போது ஆளைக் காணோம். நான் கணக்கு வாத்தியார், எண்ணிப் பார்த்துவிட்டேன். நான் உனக்கு எழுதிய நாளில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நீ பதில் எழுதிய நாளில்கூட ஆகியிருக்கவில்லை.

ஜனவரியில் பள்ளி திறப்பார்களாம். செய்தியில் சொன்னார்கள்.

கிவும்பி

•

கம்பாலா
11 அக்டோபர் 2021

என் தம்பி,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். பிள்ளைகள் முன்னால் படிக்க முடியவில்லை.

அந்தக் குரல் உன்னுடையது என்று எனக்குத் தெரியும். முதல் வார்த்தையிலேயே தெரியும். 'அக்கா' என்று வரப்போனதை விழுங்கி 'அம்மா' என்றாய். தெரிந்துதான் கோழி என்றேன். நீ இன்னும் ஒரு வாக்கியம் பேசினால், ஊருக்கெல்லாம் அத்தையானவள் சொந்த மருமகளை எட்டிப்பார்க்கவில்லை என்பது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அதனால் வெட்டினேன்.

எத்தனை மாதம் மூடியிருக்க வேண்டும் என்பதில் நான் சொன்னது சரியா தப்பா, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் பார்த்தது பொய்யில்லை. ஆனால் என் மகனுக்குப் பாடம் சொல்ல வீட்டுக்கே வாத்தியார் வருகிறார். பள்ளி பூட்டிக் கிடந்தது எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் மூடுங்கள், இன்னும் மூடுங்கள் என்றேன். உன்னிடம் வராமலிருக்க ஊரடங்கு எனக்கு நல்ல சாக்கு. சூளை மண்ணும் கோழி நாற்றமுமாக உன்னைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் வரவில்லை. இதைவிடக் கேவலமாக என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. அவள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

நாந்தெஸா

•

லுவெங்கோ
13 ஜனவரி 2022

அக்காவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம்தான். பிறகு வெட்கம்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. கோழியை ஓட்டிவிட்டுத் தரையைக் கழுவினோம், நாற்றம் இன்னும் போகவில்லை. முப்பத்தெட்டுப் பேர் இருந்த என் வகுப்புக்குப் பதினேழு பேர் வந்திருக்கிறார்கள். நபுகேராவும் வந்தாள். வயிறு பெஞ்சுக்குள் நுழையவில்லை, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பலகையைப் பார்த்தபடியே ஒரு மணி நேரமும் பாடம் நடத்தி முடித்தேன். பெற்ற மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீ ஊரடங்குக்குப் பின்னால் ஒளிந்தாய், நான் முறைக்குப் பின்னால் ஒளிந்தேன். என் வாயைக் கட்டியது யார்? சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் அம்மாதான் கடைசியில் உட்கார வைத்துச் சொன்னாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவள் இப்போதும் புதன்கிழமை உன் நிகழ்ச்சியைக் கேட்கிறாள். நேற்று பொறுக்க முடியாமல், "இன்னும் எதுக்கும்மா அதக் கேக்குறே?" என்றேன்.

"போன் போடுற பொண்ணுங்க பேசி முடிக்கிற வரைக்கும் அத்தை கேக்குறாங்களா, நடுவுல வெட்டுறாங்களான்னு பாக்குறேன்ப்பா. யாரையும் வெட்டாத அன்னிக்கு நானும் போடுவேன்."

வா என்றோ வராதே என்றோ நான் எழுதப்போவதில்லை. அது அவள் பாடு.

நேற்று இரண்டு பேரை வெட்டினாயாம்.

தம்பி,
கிவும்பி