தொடக்கூடாத மாவு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஆரியசாலைத் தெருவில் கணுக்கால் தண்ணீர். பதினொரு மணிக்குப் பொரோட்டாக் கடைக்குப் போனால் போதும். குடை ஓட்டை.

மகள் மீனா என்னோடு பேசி ஆறு நாள். என்னோடு மட்டும்தான் இல்லை. அம்மாவோடு, பால்காரரோடு, பூனையோடு எல்லாம் பேச்சு உண்டு. ஞாயிறு சாயங்காலம் சென்னை வண்டி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, முதல் வேலை. பேசாமலே வண்டி ஏறிவிட்டால்?

குற்றம் என்னுடையது. போன புதன் அவள் கூடப் படித்த கூட்டுக்காரிகள் வந்தார்கள். நான் சும்மா இருந்தேனா. படிக்கும்போது முதல் தடவை ரத்தம் பார்த்து இவள் மயங்கி விழுந்ததை நடித்தே காட்டினேன். நோயாளி எழுந்து வந்து இவள் முகத்தில் தண்ணீர் தெளித்ததாக வேறு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீனா சிரிக்கவில்லை. அதில் அஞ்சனா என்ற பெண்ணுக்கும் அதே ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே போய் அவள் சொன்னால் மீனாவுக்கு அதுவே பெயராகிவிடும். அந்த யோசனை எனக்கு மறுநாள்தான் வந்தது.

இப்போது எல்லாம் அம்மா வழியாக.

"அம்மா, அப்பாட்ட சொல்லு, ஃபேன் ஆஃப் பண்ணல்ல."

நான் ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறேன்.

என் மனைவி பகவதி: "உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியா?"

ஜூலை 9, புதன்

தூறல். வலது தோள் வலி, தைலம் தீர்ந்தது.

ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் மீனா பழவங்காடி பேக்கரியில் ஒரு டோநட் வாங்கித் தின்பாள். "ஊருக்கே பொரோட்டா அடிக்கியளே, வீட்ல ஒரு டோநட் போட்டுத் தரப்பிடாதா?" என்று பல தடவை கேட்டிருக்கிறாள். ஓட்டைக்குக் காசு கொடுக்கிற ஆள் நீ ஒருத்திதான் என்று கிண்டல் செய்து அனுப்பிவிடுவேன்.

போட்டுக் கொடுத்தால் என்ன?

இருபத்தாறு வருடம் மைதா பிசைந்த கைதான். ஆனால் ஈஸ்ட் மாவு தெரியாது. ஐஸ்பெட்டி வைத்த கடையில் ரெடியாகக் கிடைக்கும் என்று பகவதி சொன்னாள். போனேன். கடைப்பெண்ணுக்கு என்னைத் தெரியும்.

"பொரோட்டா மாஸ்டருக்கு ரெடி மாவோ!"

"டாக்டருக்குக் காய்ச்சல் வந்தா வேற டாக்டர்ட்ட போமாட்டாரா?" என்றேன்.

பாக்கெட்டில் முழுக்க இங்கிலீஷ். நான் அஞ்சாங்கிளாஸ். படித்துச் சொல்ல வீட்டில் ஆள் உண்டு, அவள் பேசமாட்டாள். கடைப்பெண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன்:

ஐஸ் இளகணும்.
வட்டமாக வெட்டு, நடுவில் ஓட்டை.
ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம்.
சிறு தீ.
கை படக் கூடாது. "தொடவே பாடில்லா, சேட்டா." மலையாளத்தில் இரண்டு தடவை சொன்னாள்.

ஜூலை 10, வியாழன்

நாசமாயிற்று.

மாவு இளகி மெத்தென்று இருந்தது. கையில் எடுத்ததுதான் தெரியும். எண்ணெய் தடவி, மேசையில் நாலு அடி, ஒரு வீச்சு. நானா செய்தேன், கை செய்தது. "ஏங்க, அந்தப் பிள்ள தொடப்பிடாதுன்னு சொல்லிச்சுல்லா!" என்று பகவதி கத்தும்போது மாவு தோள்துண்டு மாதிரி விரிந்து கையில் தொங்குகிறது. சுருட்டி, வெட்டி, எண்ணெயில் போட்டேன். உப்பவே இல்லை. உள்ளே இருந்த காற்றையெல்லாம் அடித்தே துரத்திவிட்டேன். வெளியே அடுக்கு, உள்ளே கல்.

பகவதி ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள். டக் டக். "கதவுக்கு முட்டுக் குடுக்க நல்ல சாமானம்."

மீனா வந்து பார்த்தாள். உதடு லேசாக ஆடியது. சிரிப்பா? "அம்மா, அது என்னதுன்னு கேளு." கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

கடையில் இன்று பொரோட்டா பிரமாதமாம். யாருக்கு வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

பஸ் ஸ்டாப்பில் அஞ்சனாவைப் பார்த்தேன். தற்செயல் இல்லை, தேடிப் போனேன். என்னைக் கண்டதும், "அங்கிளே, மீனா மயங்கின கதை ஒண்ணுகூடிச் சொல்லுமோ?" இன்னொரு தடவை வேண்டுமாம். தண்ணீர் தெளித்த நோயாளி நான் இட்டுக்கட்டியது என்றேன். முதல் நாள் மயங்குவது யாருக்கும் உள்ளது, ஆஸ்பத்திரியில் சொல்லிவிடாதே மோளே என்றேன். இதுவும் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"சொல்லில்லா அங்கிள். எனக்கும் பேடிதான்."

சொல்லமாட்டாளாம். அவளுக்கும் பயமாம்.

இன்னொரு பாக்கெட் வாங்கினேன். கடைப்பெண் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தாள்.

ஜூலை 12, சனி

மேகம். மழை இல்லை.

தம்ளரால் வட்டம். டானிக் பாட்டில் மூடியால் ஓட்டை. ஈரத்துணி. மணி எட்டேகால். ஒன்பதேகால் வரை கையை என்ன செய்வது? இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு தட்டு தட்டிப் பாக்கேன்."

"கைய ஒடிச்சிருவேன்," பகவதி.

துணி மெல்ல மெல்ல மேலே வருகிறது. மீனா வாசலில் வந்து நின்றாள். கையின்மேல் உட்கார்ந்தபடியே அவளிடம் சொன்னேன்: "மக்களே, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. அஞ்சனாட்டயும் சொல்லியாச்சு, அவ சொல்லமாட்டா." கூடவே ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

உள்ளே வந்து துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து:

"எனக்கு நெஜமாவே பேடியா இருக்குப்பா. அங்கயும் மயங்கிட்டா?"

"மயங்கினா எழும்பு. முன்ன எழும்பினேல்லா."

"அவ்வளவுதானா?"

"எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அடுப்பை அவளே பற்றவைத்தாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை. ஒவ்வொன்றும் பந்து மாதிரி. பொடித்த சீனி, ஏலக்காய். தேங்காய் எண்ணெய் வாசம் கொஞ்சம் தூக்கல். ஒன்றைத் தின்று, இன்னொன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"ஓட்டை நல்லா இருக்குப்பா. இதுக்கு எவ்வளவு காசு?"

தலையிலிருந்து மைதா மூட்டை இறங்கிய மாதிரி. தோள் வலி கூட இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

கடைக்கு லீவு. ஸ்டேஷனில் கூட்டம். பெட்டிப் பூட்டின் சாவியை மறந்து, வீட்டுக்குத் திரும்பி ஓடி, மூச்சு வாங்கி. டோநட் டப்பாவை, கூடப் போகிற அஞ்சனா வண்டி நகரும் முன்பே திறந்துவிட்டாள்.

ஜன்னல் வழியாக மீனாவுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். 

வண்டி நகர்ந்தது. மீனா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, பிளாட்பாரம் கேட்கக் கத்தினாள்: "அம்மா, அப்பாட்ட சொல்லு, அழப்பிடாதுன்னு!"

நான் அழவில்லை என்று பதில் சொல்லத் தபால்காரியைத் தேடினேன். அவள் என் துண்டை இழுத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.