பையில் வைத்த வில்லை

மார்ச் 4

இது என் வீட்டுக்காரி செத்துப்போன வருஷம். பெரிய தொட்டியில் விரிசல் விழுந்து ஊர் முழுக்கத் தண்ணீர் லாரி ஓடிய வருஷம். மகனுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை நிரந்தரமானதும், நான் பல்செட் கட்டிக்கொண்டதும் இதே வருஷம்தான். எனக்கு எழுத்து தெரியாது. வருஷங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலமானால் அன்றைக்கு நடந்ததை அவளிடம் சொல்வேன். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் பார்த்துவிட்டு, “என்கிட்ட சொல்லுங்க மாமா, எழுதி வைக்கிறேன்” என்றாள். வாய் என்னுடையது, கை அவளுடையது.

இன்றைக்கு ஒன்றுமில்லை. சாப்பிட்டேன். படுத்தேன்.

மார்ச் 9

சம்பளப் பேச்சு முடிந்ததாம், மகன் வந்து சொன்னான். வேலையில் இருப்பவர்களுக்கு வாரியம் நல்ல உயர்வு தருகிறது. பதிலுக்கு, ரிட்டையர் ஆனவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை இனி கட்டாது. இரண்டும் ஒரே மூட்டை. பிரித்து வாங்க முடியாது. சங்கம் தானாக முடிவெடுக்காமல் உறுப்பினர் எல்லோரையும் போனில் கேட்கப் போகிறது. என்னைப் போல ரிட்டையர் ஆன கிழங்களையும் சேர்த்துத்தான்.

உயர்வு வந்தால் இந்த ஒழுகும் வாடகை வீட்டை விட்டுப் போகலாம் என்று இவர்களுக்கு ஓர் ஆசை. என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

“இதையும் எழுதணுமா மாமா?”

எழுதும்மா.

மார்ச் 10

கொக்கைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பம்ப் ஹவுஸில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். அங்கே ஆளுக்கொரு பட்டப்பெயர்: ஜப்பான், தந்தி, இஞ்சின். ஒற்றைக் காலை மடக்கிச் சுவரில் சாய்ந்து நிற்பான், அதனால் கொக்கு. கம்பியைக் குழாய் மேல் ஊன்றி, காதை வைத்துக் கேட்டே கசிவு எங்கே என்று சொல்லிவிடுவேன் என்பதால் நான் காது. இப்போது டிவி அலறினால்தான் எனக்குக் கேட்கிறது.

அவனுக்குக் கிட்னி இரண்டும் போச்சு. வாரத்தில் இரண்டு தடவை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். வாரியம் கட்டுகிறது.

“ஊருக்கே தண்ணியைச் சுத்தம் பண்ணி விட்டேன்டா காது. இப்ப என்னைச் சுத்தம் பண்றாங்க. அதே ஃபில்டர் வேலைதான், இதுல நான் உள்ள கெடக்கிறேன்” என்றான். நர்ஸ் சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும்.

வாரியம் கட்டாவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 14

போன் வரும், யாரும் எதையும் தொடாதீர்கள் என்று கொக்கு பம்ப் ஹவுஸ் மட்டுமில்லாமல் எல்லாப் பிரிவிலும் உள்ள பழைய ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். சரிதான் என்றேன்.

எங்கள் வழக்கம் அது. ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு, நம்பர் வெட்டினது. வேலைக்குப் போகும்போது கேட்டில் இருக்கும் ஆணிப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சம்பளப் பேச்சு வந்தால், வாரியம் சொன்னதைத் தலைவர் கேட்டில் நின்று சத்தமாகச் சொல்வார். ஒத்துக்கொண்டவன் வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போவான். வேண்டாம் என்பவன் பையிலேயே வைத்துக்கொண்டு நிற்பான். கை தூக்குவது, மை வைப்பது எதுவும் கிடையாது. தொடாமல் நின்றால் போதும். பெரிய வேலைநிறுத்தத்தின்போது மழையில் அப்படித்தான் நின்றோம். பலகை மொட்டையாக இருந்தது. கொக்கு அன்றைக்கும் ஒற்றைக் காலில்தான் நின்றான்.

மார்ச் 15

போன் வந்தது. ஒரு பொம்பளைக் குரல். சம்மதம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதுவே பேசி அதுவே நன்றி சொல்லி வைத்துவிட்டது.

மார்ச் 16

மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எப்போதும் உட்கார மாட்டான்.

“அப்பா, நான் ஒண்ணு அமுக்கிட்டேன்.”

சரி என்றேன்.

“திட்டுங்கப்பா.”

எதுக்குடா?

“நீங்க எப்படியும் ரெண்டு அமுக்குவீங்க. உங்க ஆளுங்க அத்தனை பேரும் அமுக்குவாங்க. நான் ஒருத்தன் போட்டு என்ன ஆகிடப் போகுதுன்னுதான்—”

நாங்க யாருமே அமுக்கலைடா. வேணாம்னுதான் சும்மா இருந்தோம்.

அவன் என்னைப் பார்த்தான். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டாள். அப்புறம் குக்கர் கத்தியது, எழுந்து போனாள்.

மார்ச் 22

வாரியம் சொன்னதை ஏற்றுக்கொண்டாகிவிட்டதாம். கொஞ்ச வித்தியாசத்தில். பழைய ஆட்கள் நாங்கள் இரண்டு அமுக்கியிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

நானும் கொக்கும் சங்க ஆபீசுக்குப் போனோம். செயலாளர் ஒரு பொண்ணு, மகன் வயசு இருக்கும். நாற்காலி போட்டு உட்கார வைத்தது.

“அமுக்கலைன்னா அது ஓட்டே இல்லைங்கய்யா. போட்டவங்களைத்தான் எண்ணுவோம்.”

“வேணாம்னுதாம்மா அமுக்கல. வில்லையைப் பையில வச்சுக்கிட்டோம்” என்றான் கொக்கு. நிஜமாகவே எடுத்து மேஜை மேல் வைத்தான். தேய்ந்துபோன வில்லை.

அந்தப் பொண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையேய்யா” என்றது. கண் கலங்கின மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி விஷயத்துக்கு மட்டும் ரிட்டையர் ஆனவர்களை மறுபடி கேட்கச் சொல்லிக் கமிட்டியில் சண்டை போடுகிறேன் என்றது.

வெளியே வந்ததும் கொக்கு, “நல்ல பொண்ணுடா. நாமதான் பழைய மாடல்” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டுமே, ஏன் வரவில்லை? வீட்டுக்காரி போனதிலிருந்தே எதுவும் சரியாக வருவதில்லை.

ஏப்ரல் 1

இன்றிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 12

கொக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் மெஷினுக்குப் போகிறான். கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை.

மகன் நேராக அவனிடமே போய், கூடுதலாக வரும் சம்பளத்தில் மெஷினுக்கு நான் கட்டுகிறேன் மாமா என்றிருக்கிறான்.

“உன் மகன் காசுல என் ரத்தம் ஓடினா நான் உனக்குப் பேரனாயிடுவேன்டா. தாத்தான்னு கூப்பிடணும், எனக்கு வெக்கமா இருக்கும்” என்றான் கொக்கு என்னிடம். மூச்சு வாங்கியது. அதற்கு மேல் கேட்காதே என்று கையைக் காட்டிவிட்டான்.

ஏப்ரல் 25

ரிட்டையர் ஆனவர்களை மறுபடி கேட்கக் கமிட்டி ஒத்துக்கொண்டது. தேதி வைக்கவில்லை.

மே 6

கொக்கு போயிட்டான்.

மே 7

தூக்கும்போது ஒரு பக்கம் நான் பிடித்தேன். கனமே இல்லை. வில்லையை அவன் சட்டைப் பையில் வைத்தேன். மகன் தள்ளி நின்று அழுதான். எனக்கு வரவில்லை. திரும்பி வந்து குளித்தேன். மருமகள் சோறு போட்டாள், சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, உப்பு இருந்ததா என்றும் தெரியவில்லை.

மே 8

ஒன்றுமில்லை.

மே 21

காலையில் போனில் அந்தப் பொம்பளைக் குரல் வந்தது. இரண்டு அமுக்கினேன். போனை வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன் போல. மருமகள்தான் வாங்கி வைத்தாள்.

சாயங்காலம் செயலாளர்ப் பொண்ணு கூப்பிட்டது. “வேணாம்கிறதுதான்யா ஜெயிச்சிருக்கு. இதை வச்சு வாரியத்தோட மறுபடி பேசுவோம். கண்டிப்பா கிடைக்கும்.” அப்புறம் தயங்கியது. “பம்ப் ஹவுஸ் பேருங்கள்ல ஒரே ஒரு பதில்தான் வந்துச்சு. மத்தவங்க எல்லாம் இன்னும் பழையபடி அமுக்காம இருக்காங்களாய்யா? யார் யார் இருக்காங்கன்னு சொன்னா நானே நேர்ல போய்ப் பாத்துடுவேன்.”

இல்லம்மா, அமுக்க அவங்க யாரும் உயிரோட இல்லை என்றேன். ஒவ்வொருவராகச் சொன்னேன். ஜப்பான், தொட்டி விரிசல் விட்டதுக்கு முந்தின வருஷம். தந்தி, அவன் பேத்தி கல்யாணத்துக்கு மறுவாரம். இஞ்சின் இந்த ஏப்ரலில், சங்கத்துக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொக்குதான் உனக்குத் தெரியுமேம்மா.

“அப்ப யாருங்கய்யா இருக்கா?”

காது இருக்கான்.